பின்னால் ஓடி முன்னால் வந்த லாரி

பாறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தேன். காலை வெயிலிலேயே பாறை சூடேறிவிட்டது. இடுக்குகளில் இருந்த சின்ன நண்டுகள் என் கால் விரலைப் பார்த்து உள்ளே ஓடுவதும், திரும்ப எட்டிப் பார்ப்பதுமாக இருந்தன. முதுகுப் பக்கம் கடல்.

எனக்கு எதிரே நீளமாக ரோடு. அதன் அந்தக் கோடியில் எங்கள் லாரி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. லாரியின் மூக்கை ஒட்டினாற்போல ஒரு பெண் நிற்கிறாள் என்று தெரியும். லாரி மறைத்ததால் எனக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கும் அந்தப் பக்கம் கேமரா, பெரிய குடை, நாற்காலிகள், மெட்ராஸ் ஆட்கள்.

லாரிக்குள் என் வீட்டுக்காரர். தலையில் வில்லனுடைய தொப்பி, உதட்டுக்கு மேல் ஒட்டுமீசை. வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு அவர் என்னை நோக்கி வர வேண்டும். ஆனால் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் போகிறவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டே பின்னால் வர வேண்டும்.

நான் இருந்த இடத்தில் ரோடு வளைகிறது. வளைவின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை. அதைத் தாண்டினால் சரிவு, சரிவுக்குக் கீழே கடல். கல் வரிசைக்குச் சற்று முன்னால் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். பின்சக்கரம் அந்தக் கோட்டைத் தொட்டதும் நான் கத்த வேண்டும். நான் கத்தியதும் அவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்த லாரி கடலுக்குள் போனால் எங்களுக்குப் பிழைக்க வேறு வழி கிடையாது. லாரிக்குள் இருந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வயல்

போன வாரம் நான் எழுதிய முதலைக் கதையைப் படித்துவிட்டு ஒரு அம்மா கேட்டார். "லாரி லாரின்னு எழுதுறீங்களே, பொம்பளைக்கு லாரியில என்ன வேலை?" நியாயமான கேள்வி. அதைச் சொல்லாமல் பாறைக்குப் பின்னால் நான் எப்படிப் போனேன் என்று சொல்ல முடியாது.

நாங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். தீவில் குடியேற வந்தவர்களுக்கு சர்க்கார் காட்டை வெட்டி நிலம் கொடுத்ததே, அந்தக் கணக்கில் வந்தவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் சேது, மரக் கான்ட்ராக்டர் ஒருவரிடம் டிரைவராக ரங்கத்துக்கு வந்தார். யானை இழுத்துப் போடும் தடிகளை ஏற்றிக்கொண்டு, ரோடு என்று பெயருக்கு இருந்த சேற்றில் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி நானும் வந்த பிறகு போர்ட் பிளேர் பக்கத்தில் இருக்கும் சிப்பிகாட்டுக்குக் குடி மாறினோம்.

எங்களைச் சுற்றி இருந்த பெங்காலிக்காரர்களுக்கு எல்லாம் வயல் இருந்தது. எங்களுக்கு இருந்தது, பட்டாளத்தார் கழித்துப் போட்டு ஏலத்தில் வந்த ஒரு லாரி. மழைக்காலம் வந்தால் அவர்கள் வயலைப் பார்ப்பார்கள், இவர் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். டிரைவர் பக்கக் கதவை ரோப்பால்தான் கட்ட வேண்டும். பிரேக் ஒரு மிதிக்குப் பிடிக்காது, இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கும். பின்னால் பார்க்கிற கண்ணாடி எந்தக் காலத்திலோ உடைந்து, வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் எங்கள் வயல் அதுதான். மணல், கல், தேங்காய், எவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ பெஞ்சு, எல்லாம் அதில் ஏறும்.

லாரிக்குத் தெரிந்த பாஷை

லாரிக்கு ஒரு கிளீனர் இருந்தார். ரங்கத்தில் புதிதாகக் கண்டக்டர் வேலை கிடைத்ததும் போய்விட்டார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் நின்று சொல்ல ஆள் இல்லாமல், ஒரு நாள் இவர் எங்கள் வீட்டுப் பூவரசு மரத்தில் இடித்துவிட்டார். அன்றைக்கு நானாகப் போய் நின்றேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடைக்குப் போனால் கூட, கடைக்காரர் என்னைப் பார்க்கும் வரை சும்மா நிற்பேன். ஆனால் லாரிக்குப் பின்னால் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். என்ஜின் சத்தத்தில் அவர் காதில் ஏறவில்லை.

"அப்படிச் சொன்னா கேக்காது புள்ள. கப்பல் துறையில சொல்றாங்கல்ல, அப்படிச் சொல்லு" என்றார்.

தீவில் தெலுங்கரோ மலையாளியோ பெங்காலியோ, யாராக இருந்தாலும் வண்டியைப் பின்னால் எடுக்க ஒரே பாஷைதான். "ஆனே தோ, ஆனே தோ" என்றால் வரட்டும், வரட்டும். "பஸ்" என்றால் போதும், நிறுத்து. எல்லாம் ஹிந்தி. எனக்கு அப்போது தெரிந்த ஹிந்தியும் அவ்வளவுதான்.

தமிழில் கத்தத்தான் எனக்குக் கூச்சம். ஹிந்தியில் கத்துவது நான் கத்துவது மாதிரியே இல்லை, வேறு யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. அதனால் வாய் நன்றாகத் திறந்தது. கொஞ்ச நாளில் இவருக்கும் பழகிவிட்டது. நான் "பஸ்" என்றால் அவர் யோசிப்பதில்லை, கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

மரைன் ஹில்லில் என் நாத்தனார் இருந்தார். மதினி என்று கூப்பிடுவேன். அவருடைய வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. மதினி என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்: "வீட்டுல அவ இருக்காளா இல்லையான்னு தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். லாரிக்குப் பின்னால நிக்க விட்டா கப்பல் சங்கு தோத்துப் போகும்."

கப்பலில் வந்தவர்கள்

சினிமாக்காரர்கள் வந்தபோது மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்திருந்தது. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே துறைமுகத்துக்குப் போயிருந்தது. கதாநாயகனும் வில்லனும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாடிய கீரைக்கட்டு மாதிரி இறங்கினார்கள். கடல் யாரையும் விட்டு வைக்கவில்லை. கிரேனில் தொங்கிக்கொண்டு வந்த ஜீப் ஒன்றுதான் தெம்பாக இருந்தது.

ஜீப்பைக் கொண்டுவந்தவர்கள் லாரியைக் கொண்டுவரவில்லை. தீவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்கள். அதோடு, லாரி ஓட்டுவதற்கென்று வந்த ஸ்டண்ட் ஆள் கப்பல் படியில் சறுக்கி விழுந்து, கையைத் துணியில் தொங்கப் போட்டிருந்தார்.

யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டண்ட் மாஸ்டரே வந்தார். நடு வயதுக்காரர், குட்டையாக, கழுத்தே இல்லாத மாதிரி இருந்தார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "மூஞ்சி நல்லா வில்லன் மூஞ்சிதான்" என்றார். லாரியைத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு சினிமா ஆசை உண்டு. ஆனால் ஒரே பிடியாக நின்றார். "ஸ்டேரிங்கை வேற ஆளு தொடக் கூடாது. நானே ஓட்டுவேன்."

விஷயம் மரைன் ஹில்லுக்கு எட்டியதும் மதினி பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? சினிமாக்காரன் கையில குடுத்த வண்டி வண்டியாவா திரும்பி வரும்?"

"அவங்க கையில எங்க குடுக்கேன் அக்கா. நான்தான் ஓட்டப் போறேன்."

"அப்ப நீயும் தம்பியாத் திரும்பி வர மாட்ட."

என்னைப் பார்த்து, "நீ என்னடி ஊமக்கோட்டான் மாதிரி நிக்கிற, ஒரு வார்த்தை சொல்லு" என்றார். நான் காபி போடப் போய்விட்டேன். அடுப்பை ஊதும்போதெல்லாம் அவர் கேட்டதுதான் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

தீப்பெட்டியும் சிப்பியும்

மறுநாள் மாஸ்டர் எங்கள் லாரியின் பானெட் மேல் தீப்பெட்டி ஒன்றையும் சிப்பி ஒன்றையும் வைத்துக் காட்டினார். தீப்பெட்டி லாரி. சிப்பி கதாநாயகி. லாரி பாய்ந்து வந்து அவள் மேல் ஏறப் போகிறது, ஒரு சாண் இடைவெளியில் நிற்கிறது. அதுதான் படத்தில் வேண்டும்.

இவர் முகம் செத்துப் போயிற்று. "மாஸ்டர், இந்த பிரேக்கை நம்பி ஒரு சாண் எல்லாம் முடியாது. அந்தப் பிள்ளை செத்துப் போகும்."

"நானும் அவ்ளோ மோசமானவன் இல்லப்பா" என்று மாஸ்டர் சிரித்தார். சிப்பியைத் தீப்பெட்டியோடு ஒட்டி வைத்தார். பிறகு தீப்பெட்டியைப் பின்பக்கமாக, வெடுக்கென்று இழுத்தார். "நீ இதைத்தான் செய்யப் போற. ஒட்டி நிக்கிற வண்டியைப் பின்னால எடுத்துக்கினு போற. நாங்க ஃபிலிமைத் தலைகீழா ஓட்டுவோம். தியேட்டர்ல நீ முன்னால பாஞ்சு வருவ."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், திருடு என்றாலும் நல்ல திருடாக இருக்கிறதே என்று தோன்றியது.

அதற்குள் எவ்வளவு யோசனை! எடுக்கும்போது வண்டியை வெடுக்கென்று எடுக்க வேண்டும். படத்தில் அதுதான் சடக்கென்று நின்ற மாதிரி தெரியும். வண்டி குதிக்காமல் இருக்க மணல் மூட்டை ஏற்ற வேண்டும். புழுதி கிளம்பினால் படத்தில் அது சக்கரத்துக்குள் திரும்பிப் போகும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ரோடு முழுக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடலைக் காட்டவே கூடாது, அலை பின்வாங்கும். ஆகவே கேமரா ரோட்டின் கடல் ஓரத்தில் நின்று, சாய்வாக மலைப் பக்கமாகவே பார்க்கும்.

இன்னொன்றும் சொன்னார். கேமராவை மெதுவாக ஓட்டிப் படம் பிடித்தால் தியேட்டரில் எல்லாம் வேகமாகத் தெரியுமாம். ஆகவே ஆள் ஓடுகிற வேகத்தில் லாரி வந்தால் போதும், பார்க்கிறவர்களுக்குப் புயல் மாதிரி இருக்கும்.

அந்தக் கதாநாயகிப் பெண்ணைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் பயந்து முகத்தை மூடி நிற்க வேண்டும். லாரி விலக விலகக் கையை எடுக்க வேண்டும். கடைசியில் ஒன்றுமே நடக்காத முகத்தோடு, பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும். அதுவும் மெதுவாக. தென்னந்தோப்பில் அவள் தனியாகப் பின்னால் நடந்து பழகுவதைப் பார்த்த ஒரு பெங்காலிக் கிழவர், பாவம், பெரிய இடத்துப் பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஜீப் தாவுகிற காட்சியையும் அந்த வாரத்தில்தான் எடுத்தார்கள். பலகையைச் சாய்த்து மண் பூசி, மேலே இலை தழை போட்டு மூடியிருந்தார்கள். ஜீப்புக்கு முன்பாரம் அதிகம், தாவினால் மூக்கு குத்தும் என்று பின்னால் மணல் மூட்டை கட்டினார்கள். தாவிய ஜீப் விழுகிற இடத்தில் மண்ணைக் கொத்திக் கிளறி மெத்தை மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஓட்டியவர் இடுப்பில் கட்டியிருந்தது பெல்ட் இல்லை, யாரோ ஒருவருடைய லுங்கி. இறங்கியதும் அவர் முதலில் கேட்டது பீடி.

எல்லாம் முடிந்து, ரொம்ப நாள் கழித்து அந்தப் படம் போர்ட் பிளேர் தியேட்டருக்கு வந்தது. லாரி பாய்ந்து வரும்போது எனக்கு முன்னால் இருந்த பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்கு மேல் ஒரு கொக்கு வால் பக்கமாகப் பறந்து போயிற்று. அதை மாஸ்டரும் கவனிக்கவில்லை.

பஸ் வருகிறது

இவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஆனதும், பின்னால் நின்று யார் சொல்வது என்ற பேச்சு வந்தது.

"எங்க வீட்டம்மா சொல்லும்" என்றார் இவர்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இந்தம்மாவா? பேசவே காணோமே."

"அது லாரிகிட்ட மட்டும் பேசும்."

சத்தம் போட்டால் படத்தில் கேட்டுவிடாதா என்று நான் இவரிடம் மெதுவாகக் கேட்டேன். படத்துக்குச் சத்தம் எல்லாம் மெட்ராஸில் போய்ச் சேர்ப்பார்களாம், எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாமாம். கேமராவில் நான் தெரியக் கூடாது என்பதால் பாறைக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். யாரும் என்னைப் பார்க்க முடியாத இடம் என்றதும் எனக்குப் பாதிப் பயம் போயிற்று.

முதல் ஒத்திகை. அது கடலை ஒட்டிப் போகும் ரோடு. தினமும் பஸ் போய்வரும். ரோட்டை ரொம்ப நேரம் அடைத்து வைக்க முடியாது. பஸ் வருகிறதா என்று பார்க்க வரதன் என்ற அசிஸ்டென்ட்டைச் சிவப்புத் துணியோடு ஒரு மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். முன்வழுக்கையோடு, எதற்கும் பதறுகிற மனிதர். கூடவே உள்ளூர்ப் போலீஸ்காரர் ஒருவர். அவர் தீவிலேயே பிறந்தவர், ஹிந்திதான் பேசுவார்.

லாரி நிதானமாகப் பின்னால் வந்தது. "ஆனே தோ... ஆனே தோ..." என்று கூப்பிட்டேன். சக்கரம் கோட்டைத் தொட்டது.

"பஸ்" என்று கத்தினேன்.

இவர் நிறுத்திவிட்டார். மேட்டிலிருந்து வரதன் கத்தினார்: "பஸ்ஸு, பஸ்ஸு வருது, எல்லாரும் ஓரம் போங்க."

அதற்கப்புறம் நடந்ததை எழுதினாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நாலு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடினார்கள். குடை ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். கதாநாயகிப் பெண் பள்ளத்தில் குதித்தாள். மேக்கப்காரர் அவளுக்கு மேல் குதித்தார். ரோடு துடைத்து வைத்த மாதிரி ஆயிற்று. பஸ் மட்டும் வரவில்லை.

"எங்கய்யா பஸ்ஸு?" என்றார் மாஸ்டர்.

"அந்தப் பொம்பளதான் சார் கத்துச்சு, பஸ்ஸு பஸ்ஸுன்னு."

போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டருக்கு ஹிந்தி தெரியும். கொஞ்சம் யோசித்து அவரும் சிரித்துவிட்டார். "யோவ் வரதா, ஹிந்தில பஸ்னா போதும்னு அர்த்தம்யா."

பிறகு பாறைக்கு வந்து, என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். நான் கூச்சப்படுவேன் என்று தெரிந்திருக்கிறது. "தாயி, நீ பஸ்னு சொன்னா நம்ம ஆளுங்க ஒவ்வொரு வாட்டியும் ஓடுவாங்க. அதையே தமிழ்ல சொல்லிடு. போதும்னு சொல்லு. சரியா?"

இவரும் லாரியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆமா புள்ள, ரெண்டும் ஒண்ணுதானே. போதும்னே சொல்லு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மெதுவாக ஓட்டி இரண்டு ஒத்திகை பார்த்தோம். நான் "போதும்" என்றேன், லாரி நின்றது. யாரும் ஓடவில்லை.

போதும்

இப்போது பாறைக்கே வந்துவிட்டேன்.

தண்ணீர் தெளித்த ரோடு கறுப்பாக மினுங்கியது. மதினியும் வந்திருந்தார், போலீஸ்காரர் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், தலையில் முக்காடு போட்டு நின்றுகொண்டிருந்தார். என்ஜின் உறுமியது. யாரோ விசில் கொடுத்தார்கள்.

லாரி வெடுக்கென்று கிளம்பியது. மெதுவாக வரும்போது பார்த்த லாரி வேறு, இது வேறு. பின்பலகை குலுங்கிக்கொண்டு, பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஆனே தோ... ஆனே தோ..."

கோடு வந்தது.

"போதும்" என்று கத்தினேன்.

வந்துகொண்டே இருந்தது.

சக்கரம் கோட்டைத் தாண்டுவதைப் பார்த்தேன். "போதும், போதும்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. லாரி கல் வரிசையைப் பார்த்து வந்தது. எனக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அந்தப் பாறை மட்டும்தான்.

"பஸ்" என்று கத்தினேன். தொண்டை கிழிந்த மாதிரி இருந்தது.

பிரேக் பிடித்தது. பிடித்தும் ஈரத்தில் சறுக்கியது. பின்சக்கரம் ஒரு கல்லில் முட்டி, கல்லைப் பெயர்த்துத் தள்ளியது. அந்தக் கல் சரிவில் உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்த சத்தம் தனியாகக் கேட்டது. லாரி நின்றுவிட்டது.

மேட்டில் வரதன் மறுபடியும் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு "பஸ் வருது, பஸ் வருது" என்று கத்தினார். இந்தத் தடவை யாரும் அசையவில்லை.

இவர் இறங்கிப் பின்னால் வந்து, சக்கரத்தையும் கல் இருந்த குழியையும் பார்த்தார். ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏன்யா, காதுல வுழலியா?"

"விழுந்துச்சு மாஸ்டர். போதும்னு நல்லாத்தான் விழுந்துச்சு."

"அப்புறம் ஏன்யா நிறுத்தல?"

இவர் தலையைச் சொறிந்தார். "எங்க வீட்டுல சாப்பிடறப்ப நான் போதும்னா யாரு மாஸ்டர் நிறுத்துறா? போதும் போதும்னா இன்னும் ரெண்டு கரண்டி விழும். போதும்ங்கிற சொல்லுக்குக் காலு நிக்க மாட்டேங்குது."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மாஸ்டர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து சிரித்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மதினியின் குரல் வந்தது. "கையக் குறுக்க நீட்டினாலும் கை மேலயே ஊத்துவா தம்பி, அவளுக்குப் போதும்னு சொல்லிட்டா நின்னுருமா."

நான் சிரிக்கவில்லை. மதினி சொன்னதும் உண்மைதான். போதும் என்பதை நானும் நிறுத்துகிற சொல்லாக அதுவரை எங்கேயும் கேட்டதில்லை.

மாமா

கதாநாயகிப் பெண் லாரி போன போக்கைப் பார்த்து நிஜமாகவே கத்தியிருக்கிறாள். தலைகீழாக ஓட்டினால், லாரி கிளம்பும்போதே அவள் வாய் பிளந்து நிற்பது தெரியும். இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார்கள்.

மாஸ்டர் இவரைக் கேட்டார். "உனக்குப் பயமா இருந்தா வேணாம்ப்பா. வேற மாதிரி எடுத்துக்கறேன்."

இவர் என்னைப் பார்த்தார். மாஸ்டரும் என்னைப் பார்த்தார். பின்னால் ஒரு கூட்டமே என்னைப் பார்த்தது. எனக்கு முந்தானையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

லாரியைப் பார்த்தேன். ஒரு சக்கரம் பெயர்ந்த கல்லின் குழிக்குள் இறங்கி, களைத்துப் போன மாடு மாதிரி நின்றது. வேண்டாம் என்று நான் சொன்னால் இவர் கேட்டிருப்பார். ஆனால் வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இவர் ஓட்டியதில் குறை இல்லை, நான் சொன்னதில்தான் சொல் மாறியிருந்தது.

"நான் பஸ்ஸுன்னுதான் சொல்வேன்" என்றேன். "அப்படின்னா வண்டி வரும். இல்லைன்னா வீட்டுக்குப் போறோம்."

வேற்று ஆண்கள் முன்னால், தமிழில், நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல். பேசிவிட்டு உடனே பாறைக்குப் பின்னால் போய்விட்டேன்.

"அப்ப நிஜமாவே பஸ் வந்தா நான் இன்னா சார் சொல்றது?" என்று வரதன் கேட்பது கேட்டது.

"மாமா வராருன்னு கத்துய்யா."

அடுத்த கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே பஸ் வந்தது. வரதன் சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் சுற்றி, "மாமா வராரு, மாமா வராரு" என்று கூவினார். போலீஸ்காரர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து, யார் அந்த மாமா, கௌன் மாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேமராக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மாமா போனார்.

ரோட்டில் மறுபடி தண்ணீர் தெளித்தார்கள். கழன்ற மீசையை இவருக்குத் திரும்ப ஒட்டினார்கள். லாரி அந்தக் கோடிக்குப் போய், மூக்கை அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

பாறையைப் பிடித்துக்கொண்டேன். விசில் கேட்டது.

வண்டி வந்தது. அதே குலுக்கல், அதே வேகம். முன்கண்ணாடி வழியாக அவர் எதிர்ப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கூப்பிட்டேன். குரல் வரவேண்டிய இடத்தில் வந்தது.

"ஆனே தோ... ஆனே தோ... பஸ்."

கோட்டுக்கு மேலேயே நின்றது. என்ஜின் அணைந்தது. அந்தக் கோடியில் கை தட்டினார்கள்.

கதவைக் கட்டியிருந்த ரோப்பை அவிழ்த்து இறங்கினார். சக்கரம் எங்கே நிற்கிறது, கல்லுக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பாறைக்குப் பின்னால் வந்து, என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"தண்ணி வச்சிருக்கியா?" என்றார்.

செம்பைக் கொடுத்தேன். மீசை நனையாமல் இருக்க அதை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் குடித்து முடித்தார்.